கல்லாவில் நோட்டு இருக்கிறதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களுக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் கணக்கில் ஏறிவிட்டது என்று போனில் செய்தி வந்தால் போதும், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கைரேகை வைத்துப் பணம் தரும் கடைகளில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். கடைக்காரர் கல்லாவில் ஒன்றரை லட்சம் வைத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 பேர் முழுத் தொகையையும் எடுத்தால் 1,44,000 காலி. அடுத்து வருகிற அக்காவுக்குக் கணக்கில் பணம் இருக்கிறது. விரல் பதிகிறது, சர்வரும் வேலை செய்கிறது. கடையில் எட்டாயிரத்துக்கு நோட்டு இல்லை.

“எப்ப தம்பி வரும்?”

“பேங்குக்கு ஆள் போயிருக்குக்கா. பதினொரு மணிக்கு மேல வாங்க.”

போர் நடக்கும் நாடுகளில் போன் வழிப் பணம் ஏன் சில இடங்களில் உயிர் காத்தது, ஏன் சில இடங்களில் பாதியில் நின்றுபோனது என்பதற்கான விடை இந்த இரண்டு வரிப் பேச்சில் இருக்கிறது. சூடானிலும் காங்கோவிலும் காசாவிலும் பேங்குக்குப் போன ஆள் பதினொரு மணிக்குத் திரும்பி வருவதில்லை. பேங்க் எரிந்திருக்கும், அல்லது வழியில் நாலு சோதனைச் சாவடி நிற்கும், அல்லது அந்த ஊருக்கு நோட்டு வருவதே நின்றிருக்கும். போன், செயலி, கோபுரம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். கல்லாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை கல்லாவைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். நம் ஊரில் மொபைல் பணம் என்றால் ஜிபே, போன்பே என்றுதான் மனதில் வரும். அவை வங்கிக் கணக்கின் மேல் ஓடுகிறவை. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் தொடங்கி வீட்டுக்கு வீடு கணக்கு திறக்கப்பட்டிருந்ததால்தான் 2016இல் வந்த யூபிஐ இங்கே வேர்விட்டது. கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் தொடங்கிய எம்-பெசா வேறு வகை. அங்கே வாடிக்கையாளருக்கு வங்கிக் கணக்கே வேண்டாம். போன் எண்தான் கணக்கு. தெருமுனைக் கடையில் 1,000 ஷில்லிங் கொடுத்தால், கடைக்காரர் தன் போனில் உள்ள மின்பணத்திலிருந்து 1,000ஐ உங்கள் எண்ணுக்கு ஏற்றுவார். நீங்கள் அதை ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினால், அவர் தன் ஊர்க் கடையில் ரகசிய எண்ணை அழுத்தி நோட்டாக வாங்கிக்கொள்வார். வெளியே சுற்றும் மின்பணம் எவ்வளவோ அவ்வளவு உண்மைப் பணத்தை நிறுவனம் ஒரு வங்கியில் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நிறுவனம் கைவைக்கக் கூடாது. இந்த ஒரு விதி தளர்ந்தால் மீதி எல்லாம் காற்று. வோடஃபோன் அதே எம்-பெசாவை இந்தியாவிலும் நடத்திப் பார்த்து 2019இல் மூடியது. வங்கிகளை மையமாக வைத்த நம் விதிமுறைக்குள் அதற்கு இடம் போதவில்லை என்பது என் எண்ணம்.

இனி கடைக்காரரின், அதாவது போன் பண முகவரின், கணக்குக்கு வருவோம். அவரிடம் இரண்டு இருப்பு இருக்க வேண்டும்: கல்லாவில் நோட்டு, போனில் மின்பணம். பணம் போட வருகிறவர் நோட்டைத் தருவார், போன் இருப்பு குறையும். எடுக்க வருகிறவர் வந்தால் கல்லா குறையும், போன் இருப்பு ஏறும். மொத்தம் எப்போதும் ஒன்றே. 1,000 டாலர் முதல் போட்டவர் காலையில் பாதிக்குப் பாதி வைத்துத் தொடங்கினால், போடுகிறவரும் எடுக்கிறவரும் மாறி மாறி வரும் ஊரில் நாள் முழுக்க ஓட்டிவிடலாம். எல்லோரும் எடுக்கவே வருகிற ஊரில் ஐந்நூறு டாலர் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அப்போது போனில் நிறைந்திருக்கும் மின்பணத்தை மொத்த முகவரிடமோ வங்கியிலோ கொடுத்து நோட்டாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். கமிஷன் வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பயணத்துக்கே போய்விடும். பஸ் கட்டணம், கடையை மூடிய நேரத்தின் நஷ்டம், பையில் பணத்தோடு வழியில் போகிற பயம் எல்லாம் அதில் அடக்கம்.

போர் வந்த ஊரில் பணம் ஒரே திசையில் ஓடும். பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறான், உதவி நிறுவனம் அனுப்புகிறது, எல்லாம் போனில் வந்து இறங்குகிறது. கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் எடுக்க வருகிறவர்கள். போட ஆள் இல்லை. யாரிடமாவது நோட்டு இருந்தால் அதை வெளியே விட அவருக்கு மனம் வராது. நோட்டுக்கும் மின்பணத்துக்கும் இரண்டு விலை உண்டாவது இப்படித்தான்.

இந்தக் கரைக்கு அது புதிதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் போனது. கணக்கில் இருந்தாலும் வாரத்துக்கு 24,000க்கு மேல் எடுக்க முடியாது என்ற நாட்கள் நினைவிருக்கும். மீன் ஏலத்தில் கடன் சீட்டு ஓடியது, பழைய நோட்டை மாற்றித் தர இடையில் ஆட்கள் கமிஷன் கேட்டார்கள். அதை ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று நீட்டி, மேலே குண்டும் விழுகிறது என்று வைத்துப் பார்த்தால் காசா. 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே புது நோட்டு உள்ளே போகவில்லை. வங்கிக் கிளைகள் இடிந்தன. சம்பளமும் உதவித் தொகையும் போனில் வந்தன. அதை நோட்டாக்கித் தருகிறவர்களின் கமிஷன் 2025இல் 40 சதவீதம் வரை ஏறியது. நூறு அனுப்பினால் அறுபது கைக்கு வரும். அந்த அறுபதிலும் கிழிந்து நைந்த நோட்டைக் கடைக்காரர் வாங்க மறுப்பார். நோட்டு ஒட்டுவதே சிலருக்குத் தொழிலானது. பத்து ரூபாய்க் காசை வாங்க மாட்டேன் என்று சொன்ன பஸ் கண்டக்டரிடம் மாட்டியவர்களுக்கு இந்த அவஸ்தையின் ஒரு துளி புரியும்.

ஒரு நாட்டில் போன் பணம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய எத்தனை கோடிக் கணக்கு திறந்தார்கள் என்று கேட்பதில் பயனில்லை. உலகம் முழுக்க 200 கோடிக்கு மேல் கணக்குகள் பதிவாகியுள்ளன. மாதம் ஒரு முறையாவது பயன்படுபவை அதில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: நூறு ரூபாயை நோட்டாக வாங்க இன்று அந்த ஊரில் எவ்வளவு போகிறது? அந்த எண் ஒன்று, இரண்டு என்றால் ஓடுகிறது. பத்து என்றால் ஏதோ வழி அடைபட்டிருக்கிறது. முப்பது, நாற்பது என்றால் போனில் இருப்பது பாதிப் பணம்தான். உதவி நிறுவனங்கள் தாங்கள் அனுப்பிய தொகையை அறிக்கையில் எழுதுகின்றன. கைக்குப் போன தொகையை எழுத வேண்டும்.

சோமாலியா இந்தச் சிக்கலுக்கு வேறு விதமாக வழி கண்ட நாடு. 1991இல் அரசு விழுந்தபோது மத்திய வங்கியும் விழுந்தது. அதன்பின் ஆளாளுக்கு ஷில்லிங் அச்சடித்தார்கள். புழக்கத்தில் இருந்த நோட்டுகளில் 98 சதவீதம் போலி என்று பன்னாட்டு நிதியமே சொன்னது. அந்த நிலையில் 2009இல் வடபகுதியான சோமாலிலாந்தில் டெலிசோம் நிறுவனம் சாட் சேவையையும், அடுத்து மொகதிசுவில் ஹோர்முட் நிறுவனம் ஈவிசி பிளஸ் சேவையையும் தொடங்கின. இரண்டும் டாலரில். அனுப்பக் கட்டணம் இல்லை. டீக்கடை, பஸ், ஒட்டகச் சந்தை எல்லாம் அதற்கு மாறின. 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 73 சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று உலக வங்கியின் கணக்கெடுப்பு சொன்னது. அங்கே இது வேலை செய்யக் காரணம், எடுக்க வேண்டிய அவசியமே குறைந்ததுதான். வாங்குகிறவர், விற்கிறவர், அவருக்குச் சரக்கு தருகிற மொத்த வியாபாரி மூவரும் போனிலேயே வாங்கிப் போனிலேயே கொடுத்தால் கல்லாவுக்கு வேலை இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் நோட்டு கேட்டாலும் பாரம் முழுதும் அந்த இடத்தில் விழும்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 2021 பிப்ரவரி வரை அந்நாட்டில் எந்த போன் பண நிறுவனத்துக்கும் மத்திய வங்கி உரிமம் கிடையாது. மின்பணத்துக்கு ஈடாக உண்மை டாலர் எங்கே இருக்கிறது என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லாமல் பத்து ஆண்டுக்கு மேல் ஓடியது. 2010இல் அல்-ஷபாப் ஆயுதக் குழு தன் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்தச் சேவையை நிறுத்தும்படி கெடு வைத்தது. ஆயுதம் வைத்திருக்கிறவனுக்குப் பணம் யார் வழியாகப் போகிறது என்பது எப்போதும் பெரிய கவலை.

ஆப்கானிஸ்தானில் அதே கவலையின் இன்னொரு முகம் தெரிந்தது. ரோஷன் நிறுவனம் 2008இல் எம்-பைசா தொடங்கியது. 2009இல் வர்தக் மாகாணத்தில் ஒரு சிறு போலீஸ் குழுவுக்குச் சம்பளத்தை போனில் போட்டுப் பார்த்தார்கள். அதுவரை ரொக்கம் மேலதிகாரி கை வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. முதல் மாதம் போனில் சம்பளம் வந்ததும் பலர் தங்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். உயர்வு ஒன்றும் இல்லை. உண்மைச் சம்பளம் எவ்வளவு என்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலில் பத்தில் ஒருவர் ஆளே இல்லாத பெயர் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. இடையில் கை இல்லாமல் பணம் நேராகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் வரத் தொடங்கியபோது நம் ஊர்களிலும் இந்த வித்தியாசம் உணரப்பட்டது.

ஆனால் வாங்கிய சம்பளத்தை அவர்கள் போனிலேயே வைத்திருந்தார்களா? ஜோஷுவா புளூமென்ஸ்டாக்கும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் ஆப்கானிஸ்தானில் பார்த்தபோது, வன்முறையை நெருக்கத்தில் கண்டவர்கள் போன் பணத்தைக் குறைவாகப் பயன்படுத்தி, ரொக்கத்தைக் கூடுதலாகக் கையில் வைத்தார்கள். படிப்பறிவு போதாமல் அப்படிச் செய்ததாக நினைக்கக் கூடாது. இரவோடு இரவாக ஊரை விட்டு ஓட வேண்டியிருந்தால், அடுத்த ஊரில் கோபுரம் நிற்குமா, முகவர் இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்? தாலிபான்கள் 2008 முதலே இரவில் கோபுரங்களை அணைக்கச் சொல்லி மிரட்டினார்கள், கேட்காத கோபுரங்களைத் தகர்த்தார்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பிக் கடல் தாண்டி வந்து மண்டபம் அகதி முகாமில் இறங்கியவர்களில் பெண்கள் எதைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், நகையைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்ததைச் சொல்வார்கள். நகைக்குச் சிக்னல் வேண்டாம். இந்த நியாயத்தை மதிக்காமல் ரொக்கத்தை ஒழிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வருகிற எந்தத் திட்டமும் போர் நாட்டில் நிற்காது.

கோபுரத்தைப் பற்றியும் கொஞ்சம். சோமாலியாவிலும் காங்கோவிலும் போன் பணம் பெரும்பாலும் இணையத்தில் ஓடுவதில்லை. ஸ்டார், எண், ஹேஷ் என்று அடித்தால் வரும் பட்டியலில் ஓடுகிறது. நம் ஊரில் *99# அதே வகை. பட்டன் போனிலும் வேலை செய்யும், பலவீனமான சிக்னலிலும் வரும். அதற்கென்று ஒரு குணம் உண்டு: பட்டியல் திரையில் திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் முடிப்பதற்குள் அறுந்துவிடும். அறுந்தது பணம் போவதற்கு முன்பா பின்பா என்று திரை சொல்லாது. உறுதிச் செய்தி தனியாக வர வேண்டும், நெரிசலில் அது பத்து நிமிடம் கழித்தும் வரும். பொறுமை இழந்து இன்னொரு முறை அனுப்பினால் இரண்டு முறை போய்விடும். மறுபடி அனுப்பும் முன் இருப்பைப் பார்ப்பது என்ற ஒரு பழக்கத்தை ஊன்றிச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் புகார் குறையும். சூடானில் நடந்தது இதற்கு எதிர். 2023 ஏப்ரலில் போர் தொடங்கியபின் கார்ட்டூம் வங்கியின் பங்கக் செயலிதான் நாட்டின் பணப்பையானது. அதற்கு இணையம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடர்பு அறுந்தபோது, அக்கம்பக்கத்தார் நடத்திவந்த பொதுச் சமையற்கூடங்கள் அரிசி, பருப்பு வாங்கப் பணம் வராமல் நூற்றுக்கணக்கில் மூடின. பிறகு சில ஊர்களில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத் தட்டை வைத்துக்கொண்டு மணிக்கு இவ்வளவு என்று வாங்கி இணையம் விற்றார்கள். பணத்தைப் பார்க்க ஒரு கட்டணம், நோட்டாக்க இன்னொரு கட்டணம்.

எத்தியோப்பியாவின் திக்ரே மாநிலத்தில் போர் நடந்த 2020 நவம்பர் முதல் 2022 இறுதி வரை பெரும்பாலான காலம் வங்கியும் தொலைபேசியும் ஒருசேர அடைக்கப்பட்டிருந்தன. அங்கே பேச ஒன்றுமே மிஞ்சவில்லை.

இப்போது இந்தக் கரைக்குப் பழக்கமான ஒன்றுக்கு வருகிறேன். உண்டியல். கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடா வழியாக அதை ஹவாலா என்பார்கள். இலங்கைத் தமிழர் உண்டியல் என்பார்கள். டொராண்டோவில் ஒருவர் ஒரு கடையில் டாலரைக் கொடுப்பார். கடைக்காரர் யாழ்ப்பாணத்தில் தன் ஆளுக்கு போன் போடுவார். அன்று மாலையோ மறுநாளோ வீட்டு வாசலில் ரூபாய் வந்துவிடும். எல்லையைத் தாண்டி நோட்டு எதுவும் போகவில்லை. இரண்டு கடைக்காரர்களுக்கு இடையில் பாக்கி மட்டும் ஏறியிருக்கிறது. அந்தப் பாக்கியை எதிர்த்திசையில் அனுப்ப வருகிறவர் பணத்தாலோ, சரக்காலோ, தங்கத்தாலோ தீர்ப்பார்கள். இந்தக் கடலில் மஞ்சளும் பீடி இலையும் அக்கரைக்குப் போவதும், தங்கம் இக்கரைக்கு வந்து பிடிபடுவதும் செய்தியில் பார்க்கிறோம். சரக்குக் கடத்தலும் பணப் பாக்கியும் பல நேரங்களில் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். இந்தியாவில் இது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு விரோதம். போலீஸ் பிடித்தால் அனுப்பியவர் பணத்துக்குக் கேள்வி கேட்க இடமில்லை, வாங்க வந்தவரும் மாட்டுவார். அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் உண்டியல் ஏன் நிற்கிறது என்று புரிந்துகொள்ளாமல் அதற்கு மாற்று கட்ட முடியாது. உண்டியல்காரர் முகவரின் தொல்லையை முன்பே தீர்த்துவைத்திருக்கிறார். நோட்டு வாடிக்கையாளரின் வாசலுக்குப் போகிறது. அடையாள அட்டை கேட்பதில்லை, ஆளைத் தெரியும். விலையும் நல்ல விலை. 2021-22 இலங்கையில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மத்திய வங்கி டாலரை 200 ரூபாய் அருகில் பிடித்துக் கட்டிவைத்திருந்தது. உண்டியலில் அதற்கு மேல் கிடைத்தது. தொழிலாளர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டாலர், 2021இல் ஏறக்குறைய 550 கோடி, 2022இல் 380 கோடி என்று சரிந்தது. நாட்டுக்குள் டாலர் வராமல் எரிவாயு இல்லை, பால்மா இல்லை, மருந்து இல்லை. 2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடிக் கரையில் மறுபடி குடும்பங்கள் வந்து இறங்கின. இந்த முறை குண்டுக்குப் பயந்து வரவில்லை, பசிக்குப் பயந்து வந்தார்கள். நெருக்கடிக்குக் காரணங்கள் பல. கட்டிவைத்த டாலர் விலை அதில் ஒன்று. விலையை அவிழ்த்துவிட்டதும் பணம் வங்கிக்குத் திரும்பியது, 2023இல் 590 கோடியைத் தாண்டியது. போலீஸால் முடியாததை விலை செய்தது.

இலங்கையில் போன் பணம் இல்லாமல் இல்லை. டயலாக் நிறுவனம் 2012இல் ஈசி கேஷ் தொடங்கியது. போர் முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. வடக்கில் வங்கிக் கிளைகளும் அதற்குள் வரிசையாகத் திறந்துவிட்டன. போர் முடிந்தபின் வங்கி விரைந்து வருகிற இடத்தில் போன் பணத்துக்கு வேலை குறைவு. பில் கட்ட, ரீசார்ஜ் செய்ய என்று அது சுருங்கிக்கொள்ளும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம், எனக்கு இதில் மிகவும் கவலை தருவது. உண்டியலில் பதிவு இல்லை. போன் பணத்தில் ஒவ்வொரு ரூபாயும் பதிவு. அமைதிக் காலத்தில் அந்தப் பதிவு கடன் வாங்க உதவும். போர்க் காலத்தில் யார் அதைப் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், எதிர்ப்புக் குழுக்களுக்கு நன்கொடை போனதாகச் சந்தேகித்து போன் பணக் கணக்குகளை முடக்கியது. நூறு ரூபாய் கொடுத்த டீக்கடைக்காரர் பெயரும் அந்தப் பட்டியலில் வரக்கூடும். உதவி நிறுவனம் பயனாளிகள் பட்டியலைத் தொலைபேசி நிறுவனத்திடம் கொடுக்கும்போது, எந்த ஊரில் எந்த இனத்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வரைபடத்தையே கொடுக்கிறது. பெயருக்குப் பதில் எண் மட்டும் கொடுப்பது, வேலை முடிந்ததும் அழிப்பது, ஒப்பந்தத்தில் அதை எழுதிவைப்பது என்று மூன்றும் வேண்டும்.

முகாமில் பணம் பட்டுவாடா செய்கிறவர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். 300 குடும்பத்துக்குத் தலா 60 டாலர் என்றால் 18,000 டாலர். சுற்றுவட்டத்தில் பத்து முகவர், ஒவ்வொருவர் கல்லாவிலும் 500 என்றால் இருப்பது 5,000. ஒரே நாளில் எல்லோருக்கும் ஏற்றிவிட்டு, இப்போது கடைக்குப் போங்கள் என்றால் அன்று மாலையே கமிஷன் ஏறும், தள்ளுமுள்ளு நடக்கும், முகவர் கடையைக் கொள்ளையடிக்கவும் ஆள் வருவான். நான்கு நாளாகப் பிரித்து ஏற்ற வேண்டும். எந்த நாள் யாருக்கு என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாதபடி அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் முதல் நாள் மாலை சொல்ல வேண்டும். மொத்த முகவருக்கு ஒரு வாரம் முன்பே தகவல் போக வேண்டும், சில்லறை நோட்டு கணிசமாக வர வேண்டும். முகாமுக்குள் இருக்கும் மளிகைக் கடைகள் மின்பணத்தையே வாங்கிக்கொள்ளும்படி முன்பே பேசிவைத்தால், அறுபதில் நாற்பது நோட்டாகாமலே செலவாகிவிடும். கல்லாவின் பாரம் மூன்றில் ஒன்றாகும். முகவருக்குக் கமிஷனைக் கொஞ்சம் கூட்டி நிறுவனமே தந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் அதைப் பயனாளியிடம் வாங்குவார், அதற்காக அவரைத் திருடன் என்று சொல்வது நியாயமில்லை.

நம் கைரேகைக் கடைகளிலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வலைக் கயிற்றை இழுத்து, உப்பிலும் ஐஸிலும் வேலை செய்த கை. கண்ணாடி மேல் வைத்தால் ரேகை எடுக்காது. கடைக்காரர் ஈரத் துணியால் துடைக்கச் சொல்வார், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார், கட்டை விரலை விட்டு மோதிர விரலை வைக்கச் சொல்வார். நாலாவது முறை பச்சை விளக்கு எரியும். முந்தின மூன்று முறையில் ஏதாவது ஒன்றில் பணம் கழிந்து, இணைப்பு அறுந்து, கடைக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஒவ்வொரு முறை விரல் வைத்த பிறகும் போனில் செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த விரலை வைக்க வேண்டும். கணக்கில் கழிந்து கைக்கு வராவிட்டால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் உத்தரவிட்டிருக்கிறது. சீட்டை வாங்காமல் கடையை விட்டு இறங்கக் கூடாது. ஜோர்டானில் சிரிய அகதிகளுக்கு ஏடிஎம்மில் கருவிழியைப் படித்துப் பணம் தந்தார்கள். அது வேகமாக வேலை செய்கிறது. ஆனால் கண்ணை மாற்ற முடியாது, அந்தப் பதிவு யார் கையில் எத்தனை ஆண்டு இருக்கும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அகதிக்கு முதல் தடை அடையாள அட்டை. அட்டை இல்லாவிட்டால் சிம் இல்லை, சிம் இல்லாவிட்டால் பணமும் இல்லை. உகாண்டா 2019இல் தன் விதியைத் தளர்த்தி, அகதிக் குடும்பங்கள் அரசு தரும் சான்றுக் கடிதத்தைக் காட்டியே சிம் வாங்க வழி செய்தது. சிறு தொகைக்குச் சிறு ஆவணம், பெரிய தொகைக்குப் பெரிய ஆவணம் என்ற படிக்கட்டு முறைதான் வேலைக்கு ஆகும். எல்லை தாண்டுகிறவருக்கு இன்னொரு இடர் உண்டு. அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை நிறுவனத்தின் சிக்னல் போனில் ஏறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். சிக்னல் கடலைத் தாண்டுகிறது, பணப்பை தாண்டாது. அந்த நாட்டுப் போன் பணத்தை இந்த நாட்டுக் கடையில் எடுக்க முடியாது. சில மாதம் பயன்படுத்தாமல் விட்டால் எண்ணே ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். ஓடும்போது யாருக்கும் இது நினைவுக்கு வராது. ஊரில் தங்குகிற உறவினரின் எண்ணுக்கு அனுப்பிவைத்துவிட்டுக் கிளம்புவது, எடுக்க முடியாத நிலையில், ஓரளவு பாதுகாப்பு.

கடைசியாக, இந்தக் கரையிலேயே இன்னும் அடைபட்டிருக்கும் ஒரு வழி. 2023 பிப்ரவரி முதல் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர் அந்நாட்டின் பேநவ் பணப் பரிமாற்றச் சேவை வழியாகத் தன் வீட்டு யூபிஐக்கு நேரே அனுப்பலாம். நேபாளத்துக்கு இந்தியாவிலிருந்து சிறு தொகை அனுப்ப 2008 முதல் தனி ஏற்பாடு உண்டு. இலங்கையோடு 2024 பிப்ரவரி 12இல் யூபிஐ இணைந்தது, ஆனால் அது இங்கிருந்து அங்கே போகிற பயணி கடையில் கியூஆர் ஸ்கேன் செய்து காசு கொடுக்க. ஆளுக்கு ஆள் அனுப்ப அல்ல. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருக்கும் மீனவருக்குச் சோப்பு, மருந்துச் செலவுக்கு 2,000 ரூபாய் அனுப்ப நினைக்கும் குடும்பமும், மன்னாரில் தனியாக இருக்கும் தாய்க்கு மாதம் 1,500 அனுப்ப நினைக்கும் முகாம் குடும்பமும் வங்கிக்குப் போனால் பான் அட்டை, படிவம், தன் வங்கியின் கட்டணம், இடைவங்கியின் பிடித்தம் என்று நிற்க வேண்டும். அந்தத் தொகைக்கு அது கட்டுப்படியாகாது. மாதம் 10,000 ரூபாய் வரை, பெறுகிறவர் இலங்கை வங்கிக் கணக்கோ ஈசி கேஷ் எண்ணோ வைத்திருந்தால் போதும் என்று இரண்டு மத்திய வங்கிகளும் ஒரு சிறு வாசலைத் திறக்கலாம். அதற்கான தொழில்நுட்பம் இரண்டு கரையிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கச்சிமடத்துக் கைரேகைக் கடைக்காரரே அதையும் செய்து தருவார், கல்லாவில் நோட்டு கேட்காத வேலை அது.